நாலாம் நம்பர் குளம்

மலர்வளையம் கேட்டில் சிக்கிக்கொண்டு நின்றது. ஒருக்களித்து நுழைத்தால் மூங்கில் கால் இடித்தது. காலை மடக்கினால் தெர்மாகோல் எழுத்துகள் உதிர்ந்தன. கம்பெனியின் பெயரில் ஏற்கெனவே இரண்டு எழுத்தைக் காணோம். தூக்கி வந்த இரண்டு ஆட்களும் கல்யாண வீட்டில் பீரோ இறக்குகிறவர்கள் மாதிரி, கன்னடமும் இங்கிலீஷுமாக, "சொல்ப ரைட்டு, சொல்ப லெஃப்டு" என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அதை வெளியவே வைங்கப்பா," என்றாள் பாஞ்சாலி. "உள்ள படுத்திருக்கறவருக்கு அது தெரியப் போறதில்ல. தெருவுல போறவங்க பார்க்கத்தானே எடுத்துட்டு வந்தீங்க?"

ஆட்கள் திரும்பி, பின்னால் நின்றிருந்த இளைஞனைப் பார்த்தார்கள். அவன் தலையாட்டினான். மலர்வளையம் காக்ஸ் டவுன் சாக்கடை ஓரத்தில், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நின்றது.

உள்ளே கூடத்து பெஞ்சில் கிடத்தியிருந்தது அவளுடைய அண்ணன் ரங்கநாதனை. ஐம்பத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை வடக்கேயிருந்து ரயிலில் வந்து இறங்கினார். செவ்வாய்க்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நாலு நாள் ஆஸ்பத்திரி. இன்றைக்குச் சனிக்கிழமை, விடிகிற நேரத்தில் முடிந்துபோயிற்று. குழந்தை கிடையாது. கொள்ளி வைக்கப் பாஞ்சாலியின் மகன் உத்தமன் மீசையை எடுத்துவிட்டு வந்து, அடையாளம் தெரியாமல் நின்றிருந்தான்.

வந்த இளைஞனின் பெயர் பாலகுமார். அண்ணன் வேலை பார்த்த கம்பெனியில் மேனேஜர். சேலத்துப் பக்கம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டான், "சார் எனக்கு அப்பா மாதிரி மேடம்," என்றான். பாஞ்சாலிக்குச் சிவாஜிநகரில் இருபத்தைந்து வருஷமாகத் துணிக்கடை. வந்ததும் விலை கேட்கிற வாடிக்கையாளரை அவளுக்குப் பயமில்லை. உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, "வியாபாரமெல்லாம் எப்படிப் போகுது?" என்று விசாரிக்கிறவர்தான் கடைசியில் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். இவன் அந்த ஜாதி என்று அவளுக்குக் காலைத் தொட்டபோதே தெரிந்துவிட்டது.

அண்ணன் மாநில அரசில் நிலத்தடி நீர் இலாகாவில் இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்தக் கம்பெனியில் சேர்ந்தார். நிலக்கரிச் சுரங்கங்களில் தண்ணீர் எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்று பார்த்து எழுதித் தருகிற வேலை. சுரங்கம் என்றால் பூமிக்கு அடியில், தொப்பியில் விளக்கு மாட்டிக்கொண்டு போவது என்றுதான் பாஞ்சாலி நினைத்திருந்தாள்.

"அதெல்லாம் இல்லம்மா," என்று ஒருநாள் கடையில் உட்கார்ந்து சொன்னார். "மேலேர்ந்தே வெட்டி எடுத்துடுவாங்க. ஊர் அளவுக்குப் பள்ளம். மழை பெஞ்சா அதுல கரித்தண்ணி நிக்கும். பம்பு போட்டு எடுத்து, வரிசையா குளம் வெட்டி அதுல விடணும். தண்ணி அங்க சும்மா நின்னா சேறு அடியில உக்காரும். தெளிஞ்சது மேல வழிஞ்சு ஓடைக்குப் போகும். சேத்தை அப்பப்ப வாராம விட்டா, தெளியறதுக்கு எடமே இருக்காது. பெருமழை வந்தா கரையும் தாங்காது. எவ்வளவு சேறு இருக்குன்னு மழைக்கு முன்னால அளந்து எழுதணும்."

"சேத்தை அளக்கறதுக்கா சம்பளம் குடுக்கறான்?"

"நீ துணியை அளக்கலையா?"

"நான் இழுத்துப் பிடிச்சு அளப்பேன். நீயும் அப்படியா?"

அண்ணன் சிரிக்கவில்லை. "அங்க இருக்கறவங்க அப்படித்தான் அளக்கறாங்க," என்றார். "வழியுற வாய்கிட்ட மட்டும் ஆழமா ஒரு குழி தோண்டி வெச்சிருக்கான். கோலை அதுலயே இறக்கிக் காட்டறான். நான் டிரம் கட்டின தெப்பத்துல நடுக் குளத்துக்குப் போய், ஒன்பது எடத்துல இறக்குவேன். அதனாலதான் என்னைக் கண்டா அவங்களுக்குப் பிடிக்கறதில்ல."

அந்த வித்தை பாஞ்சாலிக்குப் புரிந்தது. புரிந்ததோடு, நல்ல யோசனையாகவும் பட்டது. அதை அண்ணனிடம் சொல்லவில்லை.

பாலகுமார் காபி வேண்டாம் என்றான். பிறகு வாங்கிக் குடித்தான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"மேடம், இந்த நேரத்துல கேக்கக் கூடாது. சார்கிட்ட ஒரு ஃபீல்டு புக் இருந்தது. பச்சை அட்டை. கூட ரெண்டு சாம்பிள் பாட்டில். திங்கக்கிழமை மழைக்கால சர்ட்டிஃபிகேட் குடுத்தாகணும். சாரோட கடைசி வேலை, பாதியில நிக்கக் கூடாது பாருங்க."

"சர்ட்டிஃபிகேட்டு யார் எழுதறது?"

"சார்தான் எழுதியிருக்கார். ரெடியா இருக்கு." தோல்பையிலிருந்து நாலு தாளை எடுத்தான். இந்தப் பொம்பளை எங்கே படிக்கப் போகிறாள் என்ற தைரியம். சிவாஜிநகரில் கடை வைத்திருப்பவளுக்கு ஐந்து பாஷையில் பேரம் பேச வரும், மூன்றில் படிக்கவும் வரும் என்பது சேலத்துக்காரனுக்குத் தெரிய நியாயமில்லை.

பாஞ்சாலி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இங்கிலீஷை விரல் வைத்துப் படித்தாள். ஏழு குளம். ஏழும் நலம். நாலாம் நம்பர் குளம்: ஆழம் ஒன்பதடி, சேறு இரண்டடி. கரை உறுதி. வெளியேறும் நீர் தெளிவு. நேரில் பார்வையிட்ட நாள் மே இருபத்தெட்டு. கீழே அண்ணனின் கையெழுத்து.

அவள் விரல் தேதியில் நின்றது.

"இருபத்தெட்டு என்ன கிழமை தம்பி?"

"புதன், மேடம்."

"புதன்கிழமை அவருக்கு மூக்குல ஆக்சிஜன். ஸ்பூன்ல கஞ்சி ஊட்டினது நான். அன்னைக்கா அங்க போய்க் குளத்தைப் பார்த்தாரு?"

"தேதி ஒரு ஃபார்மாலிட்டிதான்..."

"கையெழுத்து?"

"ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கோம் மேடம். சார் டூர்ல இருக்கறப்ப யூஸ் ஆகும்னு."

"இப்ப எந்த டூர்ல இருக்கார்?"

பாலகுமார் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். முகம் மட்டும் அதே பணிவோடு இருந்தது. அதைப் பார்த்துத்தான் பாஞ்சாலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கத்தினால் கத்தலாம். கும்பிட்டுக்கொண்டே நிற்கிறவனை என்ன செய்வது?

அவன் எழுந்து அண்ணியிடம் போனான். ரமா, புருஷனின் தலைமாட்டில் இரண்டாக மடித்த பாய்மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோதும் எழுந்திருக்கவில்லை. காபிக்கும் அசையவில்லை. முப்பது வருஷத்தில் பாஞ்சாலியிடம் அவள் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட்கார்டில் அடங்கும். விலாசம் எழுதவும் இடமிருக்கும். பாலகுமார் குனிந்து கேட்டதற்கு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவன் உத்தமனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு உள் அறைக்குப் போய், அண்ணனின் பயணப் பையைத் திறந்து துழாவினான். துவைக்காத சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தான். சாவு வீட்டில் அழுகிறவர்களும் ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டேதான் அழுதார்கள்.

இந்தக் களேபரத்தில் அன்னம்மாளை யாரும் கவனிக்கவில்லை. அன்னம்மாள் எதிர் வீட்டுக்காரி. அந்தத் தெருவில் யார் போனாலும் மேஸ்திரி வேலை அவளுடையதுதான். எதை எப்போது செய்ய வேண்டும் என்று அவள் சொன்னால் புரோகிதரே பேசமாட்டார். குளிப்பாட்டி, விபூதி பூசி, வேட்டி கட்டி முடித்ததும், "வாயில தீர்த்தம் விடணுமே, கங்கா ஜலம் இருக்கா?" என்று கேட்டாள். அவளே சமையலறைக்குப் போனாள். அலமாரியின் மேல்தட்டில், அரக்கு வைத்து மூடிய இரண்டு பாட்டில் இருந்தன. வடக்கேயிருந்து வந்தவர், சீல் வைத்த பாட்டில், ஒரு வாரமாக ஆடாமல் அசையாமல் நின்றதில் மேலே பளிங்கு மாதிரித் தண்ணீர். காசித் தீர்த்தமில்லாமல் வேறென்ன?

"பாரு, மனுஷன் தனக்குத் தானே கொண்டாந்து வெச்சிருக்கான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தாள். அரக்கை நெருப்பெட்டிக் குச்சியால் சுரண்டினாள். மூடியைத் திருகி, பித்தளை உத்தரணியில் சாய்த்து, "சிவசிவா" என்று அண்ணனின் உதட்டில் விட்டாள்.

முதல் உத்தரணி தெளிவாகத்தான் போயிற்று. இரண்டாவதற்குப் பாட்டிலை இன்னும் சாய்த்தாள். அடியில் உட்கார்ந்திருந்தது கலைந்து கிளம்பியது. கருப்பாக, சாந்து மாதிரி ஒரு கோடு அண்ணனின் கடைவாயிலிருந்து வழிந்து, புதிதாகச் சவரம் செய்த தாடையில் இறங்கி, வெள்ளை வேட்டித் துணியில் ஊறியது.

அழுதுகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அய்யோ, அம்மா! அது சாம்பிள்!" என்று பாலகுமார் உள் அறையிலிருந்து ஓடி வந்தான். "நாலாம் நம்பர் அவுட்லெட்டும்மா அது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

அன்னம்மாள் உத்தரணியைக் கீழே போட்டுவிட்டு, "நான் தீர்த்தம்னு நெனச்சேனே, பாவி நான் தீர்த்தம்னு நெனச்சேனே," என்று வாயில் அடித்துக்கொண்டாள். பாஞ்சாலி ஈரத்துண்டை எடுத்து அண்ணனின் வாயைத் துடைத்தாள். ஒருமுறை, இரண்டுமுறை. உதட்டு வெடிப்பில் போன கருப்பு வரவில்லை. துண்டை அங்கேயே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாலாம் நம்பர்ல வெளிய போற தண்ணி தெளிவுன்னு எழுதியிருக்கியே. இதுவா தெளிவு?"

"பாட்டில்ல நாள்பட நின்னா அப்படித்தான் மேடம்..."

"நாள்பட நின்னா தெளியணும்டா!"

தம்பி போய் டா வந்ததைக் கூடம் முழுக்கக் கேட்டது. பாலகுமார் சுற்றிலும் பார்த்தான். பிறகு அவளைக் கொல்லைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டான். குரலை இறக்கினான்.

"மேடம், நீங்களும் பிசினஸ் பண்றவங்க. பிராக்டிகலா பேசலாம். சார் கொஞ்சம் பிடிவாதக்காரர். அளவு தப்பா எழுதிட்டார். அந்தப் புக்கு ஒண்ணு கெடச்சா போதும். உங்க பையன் பீன்யா ஃபேக்டரியிலதானே கான்ட்ராக்ட் வேலையில இருக்கார்? நம்ம கம்பெனியில பெர்மனென்ட்டா போட்டுடலாம். நான் எம்.டி.கிட்ட பேசறேன்."

பாஞ்சாலி அவனை மேலும் கீழும் பார்த்தாள். கிழிந்த புடவைக்கு ஒருவன் தானாக விலையை ஏற்றிக் கேட்டால், முந்தானையில் தங்கம் இருக்கிறது என்று அர்த்தம். அழுக்கு நோட்டுப் புத்தகம் ஒன்றுக்கு நிரந்தர வேலை! உத்தமன் ஆறு வருஷமாக அலைகிற வேலை. இன்னொரு நாளாக இருந்தால் அவளே பாயைப் புரட்டித் தேடியிருப்பாள். அதை மறைப்பானேன்.

"எடுக்கற நேரம் ஆச்சு. அப்புறம் பேசலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, அண்ணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். யார் கண்ணுக்கும் ஒருத்தியை ஒருத்தி தேற்றுவதுபோலத்தான் இருந்தது.

"அண்ணி, அந்தப் பச்சை நோட்டு எங்க இருக்கு?"

ரமா புருஷனின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "மேல உக்காந்திருக்கேன்."

பாஞ்சாலி பாயின் மடிப்பைப் பார்த்தாள்.

"ஏழடி, பாஞ்சாலி. ஒன்பதடி ஆழத்துல ஏழடி சேறு. கரைக்கு அடியில கசியுதாம். அதுக்குக் கீழ கூலிக்காரங்க நாப்பத்திரெண்டு குடிசை போட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்ததுலேர்ந்து போன்ல கத்தினார். ரெண்டடின்னு எழுதுன்னு அவங்க. குடிசையைக் காலி பண்ணிட்டு எங்கிட்டப் பேசுன்னு இவர். செவ்வாய்க்கிழமை போனை வெச்சுட்டு, ரமா, கொஞ்சம் தண்ணி குடுன்னார். அவ்வளவுதான்."

முப்பது வருஷத்துக் கணக்கில் அதுதான் நீளமான பேச்சு. இந்தப் பேசாமடந்தை விடிந்ததிலிருந்து அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்திருந்ததைத் துக்கம் என்று நினைத்துவிட்டோமே என்று பாஞ்சாலி நினைத்தாள். துக்கம் இல்லை என்று யார் சொன்னது என்றும் நினைத்தாள்.

வெளியே சங்கு ஊதினார்கள். "வாய்க்கரிசி போடறவங்க வாங்க," என்று அன்னம்மாள் கரகரத்த குரலில் கூப்பிட்டாள். பெண்கள் மூன்று முறை சுற்றி வந்து அரிசி போட்டார்கள். பாஞ்சாலி, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த கோடித்துணி ஒன்றை அண்ணன்மேல் போர்த்தினாள். இன்னொன்று கையில் இருந்தது. தூக்குகிறவர்கள் குனிந்தபோது, "கொஞ்சம் இருங்க," என்று ரமா முதல் தடவையாகக் குரலெடுத்து அலறினாள். எல்லோரும் அவள்மேல் பாய்ந்து பிடித்தார்கள். அந்தக் கும்பலில் பாய் நழுவியது. பாஞ்சாலியின் கோடித்துணியும் அதன்மேல் நழுவி விழுந்தது. அவள் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் கனமாக இருந்தது.

உத்தமன் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். அண்ணன் மூன்றடி கேட்டில் எங்கேயும் இடிக்காமல் வெளியே போனார்.

ஆண்கள் தெருமுனை திரும்பிய பிறகும் பாலகுமார் போகவில்லை. பாயைப் பார்த்தான், அலமாரியைப் பார்த்தான், பாஞ்சாலியின் கையைப் பார்த்தான்.

"மேடம், அது என்ன?"

"கோடித்துணி. பொணத்து மேல போட எடுத்தது. உனக்கு வேணுமா?"

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கம்பெனியில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சேலத்தில் அவனுக்கும் அம்மா இருக்கிறாள்.

பாஞ்சாலி படி இறங்கினாள். "அடியே, பொணம் போன வீட்டுல குளிக்காம வாசப்படி தாண்டறியே!" என்று அன்னம்மாள் பின்னாலிருந்து கத்தினாள்.

"வந்து குளிக்கறேன்க்கா. நீங்க அண்ணிக்கு மொதல்ல ஒரு வாய் காபி குடுங்க."

ஊர்வலம் போன திசைக்கு எதிர்த் திசையில் ஆட்டோ பிடித்தாள். ஆட்டோவில்தான் துணியைப் பிரித்தாள். பச்சை அட்டை. சேற்றுக் கறை. நாலாம் நம்பர் குளத்துக்கு இரண்டு பக்கம். படம் வரைந்து, ஒன்பது இடத்தில் புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் அளவு: ஏழு, ஏழேகால், ஆறேமுக்கால். வழியும் வாயருகே மட்டும் இரண்டு. பக்கத்தில் 'இது தோண்டிய குழி' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார். கீழே குடிசைகளின் எண்ணிக்கை. கடைசிப் பக்கத்தில், சுரங்கம் இருக்கிற மாவட்டத்து வெள்ளக் கட்டுப்பாட்டு அறையின் ஃபேக்ஸ் நம்பர், இரண்டு கோடு போட்டு. அதற்குக் கீழே: 'நேரடியாக அனுப்ப கம்பெனியிடம் அனுமதி கேட்டுள்ளேன். மே 26.'

நம்பரைத் தெரிந்து வைத்திருந்தவர், கையில் அளவை வைத்திருந்தவர், அனுப்பாமல் இருந்திருக்கிறார். அனுமதிக்கு எழுதிவிட்டு, முறையாக வரும் என்று காத்திருந்திருக்கிறார். யாரிடம்? ரெண்டடின்னு எழுது என்று சொன்னவனிடம்.

"சர்க்கார் உத்தியோகம் பார்த்த புத்தி," என்று வாய்விட்டுத் திட்டினாள். "அனுமதி கேட்டாராம். செத்த பிறகும் வந்து கையெழுத்துப் போடுன்னு கேக்கறான், அவன்கிட்ட அனுமதி!"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அவள் தலையில் வாய்க்கரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியை விரட்டினார்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அவள் கடைக்கு நாலு கடை தள்ளி எஸ்.டி.டி. பூத். ஃபேக்ஸும் உண்டு, ஜெராக்ஸும் உண்டு. உரிமையாளர் கவுஸ் பாய், அவளை 'ஆபா' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிறவர், பார்த்ததும் எழுந்து நின்றார். விஷயம் அவருக்குக் காலையிலேயே தெரியும். ஃபேக்ஸ் என்று அவள் நீட்டிய நோட்டை வாங்கி, பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்தார்.

"க்யா ஆபா, எல்லாம் பென்சில்ல இருக்கு. இது போகாது. அந்தப் பக்கம் வெள்ளைப் பேப்பர்தான் வரும்."

"மழையில பேனா அழிஞ்சுடும். அதனால பென்சில்."

"ஜெராக்ஸ் போட்டுத் தரேன். அதுவும் மங்கலாத்தான் விழும். அதுமேல பேனா ஓட்டிக் குடுங்க. அனுப்பிடலாம்."

ஸ்டூலில் உட்கார்ந்து, கோடித்துணியை மடியில் வைத்துக்கொண்டு, கருப்பு பால்பேனாவை வாங்கினாள். முதல் எண்ணிலேயே கை தப்பியது. அவள் ஏழு போடுகிற மாதிரி போட்டுவிட்டாள். அண்ணனின் ஏழுக்கு இடுப்பில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு உண்டு. இன்னொரு ஜெராக்ஸ் கேட்டாள். இந்தத் தடவை பேனா முனையை அவருடைய கோட்டின் மேலேயே வைத்து, அவர் போன வழியிலேயே போனாள். அவர் அழுத்திய இடத்தில் அழுத்தினாள். அவர் எடுத்த இடத்தில் எடுத்தாள்.

"சீக்கிரம் ஆபா," என்றார் கவுஸ் பாய், ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு. "லைன் கெடச்சிருக்கு. விட்டா மறுபடி கெடைக்காது."

"இருங்க பாய்," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "எங்கண்ணன் நிதானமாத்தான் எழுதுவாரு."